நாய் கடித்த கோழியை உடனே அறுத்துவிட வேண்டுமா?

(தங்கவயல், நமது நிருபர்)

கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் கோழி வளர்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. சுரங்கம் ஓடிய காலத்திலேயே வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி மேயும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, கோழி போகவில்லை. இன்று அந்த வீடுகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் பங்காருபேட்டையிலும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவுதான் திரும்புகிறார்கள். பகலெல்லாம் கோழிக்குக் காவல் வீட்டில் இருக்கும் பாட்டியும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான்.

காவல் குறைந்தால் நாய்க்கும் கீரிக்கும் கொண்டாட்டம். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் வாசலில் பார்ப்பது சிதறிய இறகு. மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் கோழி. அப்போது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "இது பிழைக்காது. உயிர் போவதற்குள் அறுத்துவிடலாம்."

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. முட்டையிடும் ஒரு பெட்டைக்கோழி ஒருவேளைக் குழம்பு மட்டும் அல்ல. மாதா மாதம் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது அதன் முட்டைக் காசு. அடைக்கு உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு பொரித்துக் குடும்பத்தைப் பெருக்குவதும் அதுதான். கடிபட்ட கோழிகளில் பல, சதை தெரியும்படி தோல் கிழிந்தவைகூட, பிழைக்கக் கூடியவை. கடி கொல்லாத கோழியையும் பின்னால் வரும் நான்கு காரணங்கள் கொன்றுவிடுகின்றன. அதிர்ச்சி, அழுக்கு, ஈ, மற்றக் கோழிகளின் அலகு ஆகியவையே அந்த நான்கு. நான்கையும் தடுப்பது வீட்டில் உள்ளவர்களால் முடிகிற காரியம்.

முதலில் உங்கள் கை

கோழியைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நாயின் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கும்போது பலருக்குக் கையில் பல் பட்டுவிடுகிறது. பதற்றத்தில் அது தெரிவதில்லை. கையில் சிறு கீறல் இருந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "நம்ம தெரு நாய்தானே" என்று விடக்கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

கோழியின் காயத்திலும் நாயின் எச்சில் இருக்கும். ஆகவே கையில் ரப்பர் உறை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பையைக் கையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கடித்தது யார்?

காயத்தைப் பார்த்தே ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். தெரிந்தால் வைத்தியத்துக்கும் உதவும், நாளைய காவலுக்கும் உதவும்.

நாய் துரத்திப் பிடிக்கும். பிடித்து உதறும். முற்றம் முழுவதும் இறகு சிதறிக் கிடக்கும். முதுகிலும் வால் பக்கத்திலும் தோல் கிழிந்திருக்கும். உள்ளே சதை நசுங்கியும் இருக்கலாம்.

கீரி கழுத்தையும் தலையையும் பிடிக்கும். கூண்டுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை.

பூனைக்குக் குஞ்சின் மீதுதான் கண். பெரிய கோழியைப் பிடித்தால் ஊசி குத்தியது போல இரண்டு மூன்று துளை மட்டும் தெரியும்.

பெருச்சாளி இரவில் வரும். அடைகாக்கும் கோழியின் காலையும் அடிவயிற்றையும் கடிக்கும். பருந்து பட்டப்பகலில் குஞ்சைத் தூக்கும். பெரிய கோழியானால் முதுகில் நகக் கீறலோடு தப்பிக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

கோழியைத் தூக்கும்போது இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து, ஒரு பழைய துண்டால் தளர்வாகச் சுற்றித் தூக்குங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. நம்மைப் போலக் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் காயத்தால் சாகாத கோழி நம் கையில் மூச்சு முட்டிச் சாகும்.

இரத்தம் வழிந்தால் முதல் வேலை அதை நிறுத்துவதுதான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 100 மில்லி இரத்தம். ஒரு டீ கிளாஸ் அளவு. சுத்தமான வேட்டித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, ஐந்து நிமிடம் எடுக்காமல் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் மறுபடி உடையும். நகம் முறிந்தோ இறகுக் குருத்து ஒடிந்தோ வடிகிற இரத்தத்துக்கு மைதா மாவை ஒற்றி அழுத்தினால் நிற்கும். ஆழமான காயத்துக்குள் மாவைப் போடக் கூடாது.

இரத்தம் நின்றதும் உடனே வைத்தியத்தை ஆரம்பிக்க வேண்டாம். கோழி நடுங்கும், கண்ணை மூடும், கொண்டை வெளுக்கும். அது அதிர்ச்சி. காற்று போக ஓட்டையிட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து அதில் வையுங்கள். இருட்டான, சந்தடியில்லாத மூலையில் வையுங்கள். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். காயம் பட்டதும் அந்தச் சூடு இறங்கும். டிசம்பர், ஜனவரி இரவில் தங்கவயல் குளிர் எப்படி என்று நமக்குத் தெரியும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் கோழி தானே நகர்ந்துகொள்ளும்.

அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதைத் தடுப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

ஒரே நாய், இரண்டு கோழி

காயத்தின் அளவை வைத்துப் பிழைக்குமா சாகுமா என்று சொல்ல முடியாது என்பதற்கு, சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் பெங்களூரில் பீரோ கம்பெனியில் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறவர். கோழிகள் பாட்டியின் பொறுப்பு. ஒரு நாள் மாலை நாய் ஒன்று வேலி சந்து வழியாக நுழைந்து இரண்டு கோழிகளைப் பிடித்துவிட்டது.

ஒரு கோழிக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவப்பாகச் சதை தெரிந்தது. இன்னொன்றுக்கு வால் இறகு நாலு போனதோடு சரி. எழுந்து நடந்தது, தீனியும் கொத்தியது. "அது தப்பிச்சிடுச்சு தம்பி, இதைத்தான் அறுக்கணும்போல இருக்கு" என்றார் பாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். கால்நடைத் துறையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "சதை கிழியலை அக்கா, தோல்தான் போயிருக்கு. ஒரு வாரம் பார்ப்போம்" என்றார்.

உரிந்த கோழி பெட்டியில் அடுப்பங்கரை ஓரம் இருந்தது. முதல் நாள் ஒன்றும் தின்னவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் கேழ்வரகுக் கூழ் தின்றது. தினம் இரண்டு வேளை காயத்தைக் கழுவினார்கள். பத்தாம் நாள் காயத்தின் ஓரம் பொருக்குக் கட்டிச் சுருங்க ஆரம்பித்தது. நாலு வாரத்தில் உள்ளங்கை அகலக் காயம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. ஆறு வாரத்துக்குப் பிறகு அது மறுபடி முட்டையிட்டது.

தப்பித்ததாக எண்ணிய கோழி மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. இறக்கைக்குக் கீழே இறகை விலக்கிப் பார்த்தபோது இரண்டு பல் துளைகள் இருந்தன. மேலே மூடியிருந்தது. சுற்றிலும் கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது.

கடிபட்ட கோழிகளைப் பார்க்கிற எல்லோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெரிய கிழிசலைக் கழுவ முடியும். தெரியாத சின்னத் துளைதான் ஆளை ஏமாற்றும்.

தேடிப் பார்க்கும் முறை

கோழி சற்றுத் தெளிந்ததும் வெளிச்சமான இடத்தில், துண்டு விரித்த மேசை மேல் வைத்து, தலை முதல் வால் வரை தேடுங்கள். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். தலையைத் துணியால் லேசாக மூடினால் கோழி அமைதியாக இருக்கும். கையை வெந்நீரில் நனைத்து இறகை எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் தோல் தெரியும். கழுத்தின் அடிப்பகுதி, இரு இறக்கைக்குக் கீழே, தொடை இடுக்கு, எச்சம் போகும் வாயைச் சுற்றி, வால் மேல் பகுதி ஆகிய இடங்களை விடவே கூடாது. ஒரு பக்கம் துளை இருந்தால் எதிர்ப்பக்கமும் தேடுங்கள். பல் இரண்டு பக்கமும் பதியும்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்க வேண்டாம். கோழித் தோல் மெல்லியது. பிடுங்கினால் கிழிசல் பெரிதாகும். கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

எங்காவது தோல் பலூன் போல உப்பி, தொட்டால் காற்று நகர்வது போல இருந்தால் உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள். கோழியின் உடம்புக்குள் மூச்சோடு சேர்ந்த காற்றுப்பைகள் பல உண்டு. இது டாக்டர் பார்க்க வேண்டிய காயம்.

கழுவுவதே பாதி வைத்தியம்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றில் அந்தத் தண்ணீரை எடுத்துக் காயத்தில் பீச்சுங்கள். மண், இறகு, உமி எல்லாம் வெளியே வரும்வரை கழுவுங்கள். பல் துளைகளுக்குள்ளும் பீச்சிக் கழுவ வேண்டும். பஞ்சு வைத்துத் தேய்க்காதீர்கள். பஞ்சின் இழை காயத்தில் ஒட்டும்.

பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் மருந்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, பால் விடாத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, அதனால் ஒருமுறை கழுவுங்கள். அதோடு விட்டுவிடலாம். காலையும் மாலையும் இதையே செய்ய வேண்டும்.

உரிந்த தோல் மடிந்து கிடந்தால் அதை இழுத்து இருந்த இடத்தில் படிய வையுங்கள். தையல் போட நீங்கள் முயல வேண்டாம். பல் பட்ட காயத்தை வெளியே மூடிவிட்டால் அழுக்கு உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். திறந்த காயம் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தானே ஆறிவரும்.

கோழியின் சீழ் நமக்கு வருவது போல வழியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் நிறத்தில் கட்டியாக, காய்ந்த பால்கோவா போல உள்ளேயே உட்கார்ந்திருக்கும். தானாக வடியும் என்று காத்திருப்பது வீண். அதை எடுக்கத் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அடிபட்ட இடம் இரண்டு மூன்று நாளில் பச்சை நிறமாக மாறும். அழுகிவிட்டது என்று பயந்து அந்த நேரத்தில் கோழியை அறுத்தவர்கள் உண்டு. அது அழுகல் அல்ல. நமக்குக் கன்றிப்போன இடம் நீலமாவது போல, கோழிக்குப் பச்சையாகும். சில நாளில் மறையும். கறுத்துப் போவதும், கெட்ட நாற்றமும், ஈரப் பிசுபிசுப்பும்தான் அழுகலின் அடையாளம்.

போடக் கூடாதவை

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மூக்குப்பொடி, மிளகாய்த்தூள், பினாயில், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை எதிர்த்த வீட்டுக்காரர் யாராவது நிச்சயம் சிபாரிசு செய்வார். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இவை உயிருள்ள சதையையும் சேர்த்துப் புண்ணாக்கும். ஸ்பிரிட்டும் அப்படியே.

மஞ்சள் போடலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். நன்றாகக் கழுவிய மேல் காயத்துக்கு மஞ்சளைக் குழைத்து மெல்லியதாகத் தடவினால் கெடுதல் இல்லை. கழுவாத காயத்தின் மேல் கெட்டியாக அப்புவதுதான் கெடுதல். மேலே காய்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் வளரும்.

மனிதருக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே விஷம்.

ஈ உட்கார்ந்தால்

காயத்தைவிட ஈக்குப் பயப்பட வேண்டும். வெயில் காலத்தில் காலையில் ஈ இட்ட முட்டை மறுநாளுக்குள் புழுவாகிவிடும். எச்சம் ஒட்டும் வால் பக்கத்துக் காயத்தில் இது அதிகம். ஆகவே பெட்டியைக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். விரித்த துணியைத் தினமும் மாற்றுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகில் வேப்பெண்ணெய் தடவலாம். காயத்துக்குள் விட வேண்டாம். அரிசி நொய் போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. உப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிட வேண்டும். புழு உள்ளே போய்விட்டால் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோவதே நல்லது.

தண்ணீரும் தீனியும்

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கோழிக்கும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சிறு கிண்ணத்தில் எட்டும்படி வையுங்கள். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள். தானே நக்கி விழுங்கும். வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. கோழிக்கு மூச்சுக் குழாயின் துளை நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும்.

தீனிக்கு அவசரமில்லை. முதல் நாள் தின்னாவிட்டாலும் கவலை வேண்டாம். அடுத்த நாள் குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டையை உதிர்த்தது இவற்றைக் கொஞ்சமாக வையுங்கள். தோலும் இறகும் வளர முட்டையில் உள்ள சத்து வேண்டும். தின்ற தீனியோ குடித்த தண்ணீரோ கழுத்துக் காயம் வழியாக வெளியே வந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அது தையல் போட்டால்தான் ஆறும்.

அடையில் இருந்த கோழி கடிபட்டால் முட்டைகளை உடனே எறிந்துவிட வேண்டாம். சில மணி நேரம் சூடு குறைந்தாலும் கரு சாகாமல் இருக்கலாம். தெருவில் வேறு அடைக்கோழி இருந்தால் அன்றிரவே அதன் கீழ் வைத்துவிடுங்கள்.

மற்றக் கோழிகளிடமிருந்து காப்பாற்றுங்கள்

சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். கூடப் பிறந்ததானாலும் கொத்தும். ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் சேரும். நாய் விட்டுவைத்ததைக் கூட்டுக் கோழிகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். ஆகவே காயம் பட்டதைத் தனியே வைப்பது கட்டாயம்.

அதே நேரம் பல நாள் கண்ணில் படாமலே வைத்துவிட்டுத் திடீரென்று விட்டால், புதிய கோழி என்று நினைத்து மற்றவை அடித்துத் துரத்தும். முதல் சில நாள் கழிந்து தெளிந்ததும், பகலில் ஒரு பஞ்சாரத்தின் கீழ் மற்றக் கோழிகள் மேயும் இடத்திலேயே வையுங்கள். பார்க்கட்டும், தொட முடியாது. காயம் முழுதும் மூடி, சிவப்புத் தெரியாமல் போன பிறகு, ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து, வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே விடுங்கள்.

முட்டை சில வாரம் நிற்கும். அது இயற்கை. "தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறது" என்று கோபப்படாதீர்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

பூனை கடித்திருந்தால் காயம் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே போக வேண்டும். பூனையின் பல்லில் இருக்கும் கிருமி இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் பரவிக் கோழியைக் கொல்லும். ஊசி அல்லது மாத்திரை சீக்கிரம் கிடைத்தால்தான் பிழைக்கும். ஆழமான பல் துளை, தொங்கும் கால், முறிந்த இறக்கை, வயிற்றுக் காயம், உப்பிய தோல், நிற்காத இரத்தம் ஆகியவையும் டாக்டருக்கு உரியவை.

கர்நாடகத்தில் அரசு கால்நடை மருத்துவமனையை "பஷு ஆஸ்பத்ரே" என்று கேட்டால் வழி சொல்வார்கள். கன்னடம் வராதவர்கள் "கோளிகே நாயி கச்சிதெ" என்றால் போதும். கோழியை நாய் கடித்தது என்று புரிந்துகொள்வார்கள். 1962 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

டாக்டர் கிருமிநாசினி மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது? மருந்து முட்டையில் இறங்கும். அந்த நாட்களில் வரும் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மிச்சம் விழுந்த மாத்திரையைப் பத்திரப்படுத்தி அடுத்த கோழிக்குக் கொடுப்பதும் தவறு. 2019-ஆம் ஆண்டு கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுப்பதை மத்திய அரசு தடை செய்ததற்குக் காரணமே, கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகி, நாளை மனிதருக்கு அதே மருந்து வேலை செய்யாது என்பதுதான்.

காப்பாற்ற முடியாதவை

எல்லாக் கோழியும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. குடல் வெளியே வந்துவிட்டால், முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் செயலற்றுப் போனால், மூச்சுக்கு வாய் திறந்து திணறிக்கொண்டே இருந்தால் வைத்தியம் என்ற பேரில் வதைப்பதில் பயனில்லை. தெரிந்தவர் கையால் ஒரே நொடியில் முடிப்பதுதான் கருணை.

அப்படி முடித்த கோழியைக் குழம்பு வைக்கலாமா என்ற கேள்வி வரும். வெறி பிடித்ததாகச் சந்தேகம் உள்ள நாய் கடித்திருந்தால் தின்பது மட்டும் அல்ல, உரிப்பதும் கூடாது. அதன் எச்சில் கையில் உள்ள கீறலில் படுவதே ஆபத்து. காயம் சீழ் பிடித்த கோழி, மருந்து கொடுத்த கோழி, தானே செத்த கோழி இவற்றையும் தின்னக் கூடாது. ஆழக் குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். சுண்ணாம்புக்கு உரிய இடம் அதுதான்.

மறுபடி வராமல் இருக்க

ஒருமுறை ருசி கண்ட நாயும் கீரியும் அதே நேரத்துக்கு மறுபடி வரும். அன்றைக்கே கூண்டைப் பாருங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர நாய் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலைதான் நிற்கும். கீரியும் பெருச்சாளியும் தோண்டும். ஆகவே வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். அல்லது சுற்றிலும் கல் பாவுங்கள். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. பொழுது சாயும் முன்பே அடைத்துவிட வேண்டும். கடைசி ரயிலில் வருகிறவர்கள் இந்த வேலையை வீட்டில் ஒருவர் பேரில் கண்டிப்பாக ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

கோபத்தில் விஷம் வைக்காதீர்கள். கீரி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைக் கொல்வது குற்றம். நாய்க்கு வைத்த விஷத்தைத் தெருப் பிள்ளை எடுத்தாலும் எடுத்துவிடும்.

ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பொவிடோன் அயோடின் ஒரு சின்னப் புட்டி, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று, கத்தரிக்கோல், துவைத்து வெயிலில் காய வைத்த வேட்டித் துணி, ஒரு ஜோடி ரப்பர் உறை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, சிறிது வேப்பெண்ணெய். வெளிப்பக்கம் ஒரு சீட்டில், கழுவ வேண்டிய உப்பின் அளவையும் 1962 என்ற எண்ணையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நாய் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், பாட்டிதான் இருப்பார்.